இரண்டு கூடையா, ஒரே கூடையா?

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே போகும் சாலை திரிங்காப்பைத் தாண்டிக் கோலா தெர்லா வழியாகக் கம்போங் ராஜாவை அடைகிறது. இன்று அந்தச் சாலையின் இருபுறமும் கண்ணில் படுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பண்ணைகள்தான். ஆனாலும் கேமரன் மலைத் தமிழ்க் குடும்பங்களின் வேலை நினைவு தேயிலையோடு ஒட்டியது. 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த மலையில் தேயிலை பரவியது. அதோடு ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, வேலையும் கூலியும் பதியும் செக்ரோல், வரிசை வீடுகளான லயம் என்ற ஒரு முழு உலகமும் மலையேறி வந்தது. அந்த உலகத்தின் நடுவில் இருந்தது நிறுவைத் தராசு. பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று இரண்டு பெண்கள் கொழுந்து பறிக்கலாம். கை வலிக்கிறவளுக்கு மற்றவள் இரண்டு பிடி அள்ளிப் போடலாம். ஆனால் தராசில் ஏறுவது தனித்தனிக் கூடை, செக்ரோலில் பதிவது தனித்தனிப் பெயர். கொடுத்த இரண்டு பிடி கொடுத்தவளின் கணக்கில் குறைவாகவே விழும். கூலி கணக்கிடும் முறை ஒன்று, மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று எப்படி வளைக்கின்றன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கேள்வி இப்போது வீட்டுக்குள் வந்து நிற்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சண்டை போடாமல் ஒத்துழைக்க வேண்டும் என்பதற்காகக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டி, நல்ல செயலுக்கு ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு என்று பெற்றோர் வைக்கும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். இது பலிக்குமா என்று கேட்பவர்கள் பரிசின் அளவைப் பற்றியே யோசிக்கிறார்கள். பரிசு எவ்வளவு என்பதைவிட, எந்தக் கூடை நிறுக்கப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அன்னா அரசு மனநல மருத்துவமனையில் டியோடோரோ அயோன், நேத்தன் அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு வில்லை முறையை நடத்தினார்கள். நெடுங்காலம் அங்கே தங்கியிருந்த நோயாளிகள் தலை வாரினால், படுக்கையை மடித்தால், சமையலறையில் கைகொடுத்தால் அவர்களுக்கு வில்லைகள் கிடைத்தன. அவற்றைக் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். பிறகு இந்த முறை பள்ளிகளுக்கும், ஒரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் போன்றவர்கள் பெற்றோருக்கு அளித்த பயிற்சிகள் வழியாக வீடுகளுக்கும் போனது. ஒரு தனி மனிதரின் ஒரு தனிச் செயலை எண்ணிக் கூட்டுவதற்காகச் செய்த கருவி அது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் ஒத்துழைப்பு என்பது எவருடைய தனிச் செயலும் இல்லை. அது இருவருக்கு நடுவில் நிகழ்வது. தம்பி விட்டுக்கொடுத்தான் என்று தம்பிக்கு ஒரு நட்சத்திரம் போட்டால், விட்டுக்கொடுக்கும்படி அவனைக் கேட்ட அண்ணனுக்கு என்ன போடுவது? பொம்மையைக் கொடுத்தவனுக்கு நட்சத்திரம் என்றால், கொடுப்பதற்காகவே முதலில் பிடுங்குகிறவனை என்ன செய்வது? தனிக்கூடை அட்டவணை வைத்த வீட்டில் நட்சத்திரம் கூடும்போதே புகாரும் கூடுவதற்குக் காரணம் பிள்ளைகளின் குணத்தில் இல்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. ஒருவர் ஏறுவது மற்றவர் தாழ்வதாகத் தெரியும் இடத்தில், உடன்பிறந்தவரின் தவறு தனக்கு வரவு.

தமிழில் இதற்கு மிகக் கூர்மையான ஒரு சொல் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களை உடன்பிறந்தார் என்கிறோம். அதே ஆண்மக்கள் சொத்தைப் பிரிக்க உட்காரும்போது பங்காளி ஆகிறார்கள். பங்காளிக் காய்ச்சல் என்று அந்த நிலைக்கு ஒரு நோயின் பெயரும் வைத்திருக்கிறோம். பிறப்பால் வந்த உறவு பங்கு பிரிக்கும்போது வேறு உறவாக மாறுவதை நம் முன்னோர் கவனித்துப் பெயரிட்டார்கள் என்றே இதைப் படிக்கிறேன். ஏழு வயதிலும் ஒன்பது வயதிலும் இருக்கும் இருவருக்குத் தனித்தனியே நட்சத்திரம் எண்ணுவது, சொத்து எதுவும் இல்லாத காலத்திலேயே அவர்களைப் பங்காளிகளாக்கும் வேலை. மார்ட்டன் டாய்ச் 1949இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துக் காட்டியது. சில சிறு குழுக்களில் மாணவர்களுக்குத் தனித்தனியே தரம் போடப்பட்டது. வேறு சிலவற்றில் குழு முழுவதுக்கும் ஒரே மதிப்பு. செய்த வேலை ஒன்றுதான். ஆனால் ஒரே மதிப்பு பெற்ற குழுக்களில் ஒருவர் சொல்வதை மற்றவர் கூடுதலாகக் காதில் வாங்கினார்கள், வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள், நட்போடும் இருந்தார்கள். மாணவர்களின் மனத்தை மாற்ற எவரும் உபதேசம் செய்யவில்லை. கூடையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகளிடமே நடந்த சோதனை இன்னும் நெருக்கமான சான்று. 1969இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் அடங்காத ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அணியில் எவர் விதியை மீறினாலும் அணிக்கே ஒரு குறி விழும். குறைந்த குறி வாங்கிய அணிக்குச் சிறு சலுகை. இதில் நம் பேச்சுக்கு முக்கியமான ஒரு நுணுக்கம் இருந்தது: இரண்டு அணிகளுமே குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் நின்றுவிட்டால் இரண்டுமே வென்றதாகக் கணக்கு. எனவே எதிரணியைத் தோற்கடித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. வகுப்பில் கூச்சலும் இடம்விட்டு எழுவதும் வெகுவாகக் குறைந்தன. இதே விளையாட்டை 1980களின் நடுவில் பால்டிமோர் நகரின் முதல் வகுப்புகளில் நடத்தி, அந்தப் பிள்ளைகளைப் பத்தொன்பது, இருபது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த ஆண்பிள்ளைகளிடம் போதைப்பழக்கம் உள்ளிட்ட சிக்கல்கள் பின்னாளில் குறைவாகக் காணப்பட்டன. வகுப்பறை வீடாகாது என்பது உண்மை. ஆனால் சேர்த்து எண்ணும் பரிசு பிள்ளைகளுக்குப் புரியும், அவர்கள் அதன்படி நடப்பார்கள் என்ற அளவுக்கு இந்தச் சான்று போதும்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். அன்புக்கு விலை வைக்கலாமா, பரிசு கொடுத்துப் பழக்கினால் பரிசு நின்ற அன்று எல்லாம் நின்றுவிடாதா என்பது அது. இதைப் பழமைவாதம் என்று ஒதுக்க முடியாது. ஆய்வுகள் இந்தப் பக்கத்திலும் நிற்கின்றன. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில், தாமாகவே விரும்பிப் படம் வரைந்த குழந்தைகள் சிலருக்கு வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தச் சோர்வு இல்லை. உதவும் குணத்திலும் இதுவே நடக்கிறது. 2008இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் இருபது மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். கைக்கு எட்டாத பொருளை எடுத்துக் கொடுத்ததற்குப் பொருளாகப் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். வெறும் பாராட்டு பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். 1989இல் ஃபேப்ஸும் அவருடைய குழுவினரும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது நம்மை இன்னும் சிந்திக்க வைக்க வேண்டும்: பரிசு கொடுப்பதை மிகவும் நம்பும் தாய்மார்களின் பிள்ளைகளிடம்தான் இந்தக் கெடுதல் தெளிவாகத் தெரிந்தது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1994இல் ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசு பொதுவாக ஆர்வத்தைக் கெடுப்பதில்லை என்றார்கள். 1999இல் டேசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 சோதனைகளைத் தொகுத்துக் கெடுக்கிறது என்றார்கள். இந்தச் சண்டையில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு முடிவு இருக்கிறது, வீட்டுக்கு வேண்டியது அதுவே. தானாகவே இனிக்கும் வேலைக்குப் பரிசு வைத்தால்தான் ஆர்வம் தேய்கிறது. சுவையற்ற வேலையில் தேய்வதற்கு ஆர்வமே இல்லை. எச்சில் தட்டு கழுவுவதும், மழை வருமுன் துணி எடுத்து மடிப்பதும், சேறு படிந்த காலணிகளைக் கழுவி வைப்பதும் எந்தப் பிள்ளைக்கும் தானாக இனிப்பதில்லை. அவற்றுக்குச் சிறு பரிசு வைப்பதில் குற்றமில்லை. ஆனால் தங்கை அழும்போது தோளில் கை போடுவது, கணக்குப் பாடத்தில் தம்பிக்கு உதவுவது, தன் மிட்டாயில் பாதி ஒடித்துத் தருவது ஆகியவற்றை அட்டவணையில் ஏற்றக் கூடாது. அவை பிள்ளைக்குத் தானாகவே ஊறுவன. நட்சத்திரம் ஒட்டினால் ஊற்று அடைபடும். இருவரும் சேர்ந்து முடித்த வேலையை எண்ணலாம், பாசத்தை எண்ணக் கூடாது என்ற எல்லையைத் தெளிவாக வரைந்துகொண்டால் இந்த மறுப்பின் நியாயமான பகுதிக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது, தோட்டத்து வரலாறு தெரிந்தவர்கள்தான் இதை முழுதாக உணர முடியும். சேர்த்து எண்ணினால் ஒருவன் உழைக்க மற்றவன் சும்மா இருப்பானே என்பார்கள். அது நடக்கும். அதைவிடக் கெடுதலான ஒன்றும் நடக்கும்: மூத்த பிள்ளை கங்காணி ஆகிவிடும். மலாயாத் தோட்டங்களில் கங்காணிக்குத் தன் சம்பளத்துக்கு மேல் தலைக்காசு என்று ஒன்று கிடைத்தது. அவர் ஊரிலிருந்து கூட்டிவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் இவ்வளவு என்று கணக்கு. அவர்களில் பலர் அவருக்கு உறவினர், ஒரே ஊர்க்காரர், சில நேரம் உடன்பிறந்தவரும்கூட. ஆனால் காய்ச்சலோடு லயத்தில் படுத்திருக்கும் ஆள் கங்காணிக்கு இழப்பு. உறவுக்கு நடுவே அந்தக் காசு புகுந்தபோது உறவு மேற்பார்வை ஆயிற்று. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் ஏற்றுமதியைத் தடுத்ததோடு கங்காணி ஆள் பிடிப்பது முடிந்தது; பிறர் உழைப்பின் மேல் ஒருவருக்குக் கணக்கு வைக்கும் பழக்கம் அதோடு முடிந்துவிடவில்லை. தம்பியும் பாத்திரம் கழுவினால்தான் இருவருக்கும் பரிசு என்று ஒன்பது வயது அக்காவிடம் சொல்லும்போது, அவளுக்கு நாம் கொடுப்பது தலைக்காசு. அவள் கத்துவாள், தலையில் குட்டுவாள், கடைசியில் அவன் பங்கையும் தானே செய்துவிட்டு இருவரும் செய்ததாகச் சொல்வாள்.

இதற்குத் தீர்வு பரிசைப் பிரிப்பதில் கிடைக்காது. வேலையைத் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கும். ஒருவரால் முடித்துவிடக்கூடிய வேலையை இருவருக்குக் கொடுத்தால் ஒருவர் கங்காணி, மற்றவர் ஆள். இருவர் இல்லாமல் முடியாத வேலையைக் கொடுத்தால் அந்த வாய்ப்பே இல்லை. தேயிலை மலைகளில் இன்று கையால் கிள்ளுவதற்குப் பதில், செடி நிரையின் இருபக்கமும் இருவர் நின்று பிடித்துக்கொண்டு நகர்த்தும் வெட்டு இயந்திரம் வந்திருக்கிறது. ஒருவர் அவசரப்பட்டு முந்தினால் வெட்டு கோணலாகும். ஒருவர் தாழ்த்திப் பிடித்தால் முற்றிய இலையும் காம்பும் கொழுந்தோடு சேரும். ஒத்துப் போகும்படி எவரும் அதட்ட வேண்டியதில்லை, இயந்திரத்தின் அமைப்பே அதைக் கேட்கிறது. முஸாஃபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் முகாமில் பதினொரு வயதுச் சிறுவர்களை இரு அணியாக்கிப் போட்டி வைத்தார். சில நாளில் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாகச் சாப்பிட வைத்தும் படம் காட்டியும் பகை தணியவில்லை. சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். தண்ணீர்க் குழாய் அடைப்பை எல்லாரும் சேர்ந்து தேட வேண்டி வந்தபோதும், நின்றுபோன சாமான் லாரியைச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தபோதும்தான் உறவு மாறத் தொடங்கியது. லாரியை இழுத்த கயிறு, முன்பு இரு அணிகளும் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு. ஒரு தடவை சேர்ந்து செய்ததில் மாற்றம் வந்துவிடவில்லை, தொடர்ச்சியாகப் பல வேலைகள் தேவைப்பட்டன என்பதையும் ஷெரீஃப் பதிவு செய்திருக்கிறார். ஒரு வாரம் முயன்றுவிட்டு அட்டவணையைக் கிழித்துப் போடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட வேலைகளுக்குப் பஞ்சமில்லை. கேமரன் மலைக் குளிருக்குப் போர்த்தும் கனத்த கம்பளியை ஒரு பிள்ளை தனியாகப் பிழிந்து உதற முடியாது. மளிகைச் சாமானை ஒருவர் எடுத்துக் கொடுக்க ஒருவர் அடுக்குவது, ஒருவர் பட்டியலைப் படிக்க மற்றவர் அளந்து போடுவது, வாளியை ஆளுக்கொரு பக்கம் தூக்குவது எல்லாமே அந்த வகை. வேலை முடிந்ததா என்று பார்க்க வேண்டியது பெற்றோர்தான்; அந்தப் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் ஒருபோதும் விடக் கூடாது.

அக்காவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அவள் நிலை. நம் குடும்பங்களில் உடன்பிறந்தார் ஒத்துழைப்பு முன்பு தானாக இருந்தது, இப்போதுதான் பரிசு தேவைப்படுகிறது என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இருந்தது என்னவென்று பார்க்க வேண்டும். விடியுமுன் தாய் தகப்பன் இருவரும் பெரட்டுக்குப் போன பிறகு லயத்தில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டியதும், இடுப்பில் சுமந்ததும், துணி துவைத்ததும் பெண்பிள்ளைகள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்த தோட்டங்களிலும் அது எல்லா நேரத்துக்கும் எல்லாப் பிள்ளைக்கும் போதவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்த பிறகும் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்டவள் பெரும்பாலும் மூத்தவளே. இளையவர் இதற்கு ஈடாக அவளுக்கு எதுவும் செய்யவில்லை, செய்யும்படி கேட்கப்படவும் இல்லை. இதை ஒத்துழைப்பு என்று பெருமை பேசுவது தவறு. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து மார்கரெட் ட்ராவிக் 1990இல் எழுதிய நூல் அண்ணன் தங்கைப் பாசம் நம் வாழ்வில் எவ்வளவு ஆழமானது என்று காட்டுகிறது. அந்தப் பாசம் உண்மை. பாசம் உண்மையாக இருப்பதால் சுமை சமமாகிவிடாது.

ஆனால் இதே வரலாற்றில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பியாட்ரிஸ் வைட்டிங்கும் ஜான் வைட்டிங்கும் 1975இல் வெளியிட்ட ஆறு பண்பாட்டுப் பிள்ளைகள் பற்றிய ஆய்வில், கென்யாவின் நியான்சோங்கோ, மெக்சிகோவின் ஹுஸ்ட்லவாக்கா போன்ற, வீட்டுக்கு உண்மையிலேயே தேவையான வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் சமூகங்களில் பிள்ளைகள் பிறரைப் பேணும் குணத்தோடு இருந்தார்கள். வேலை குறைவாகவே கொடுத்து வளர்த்த அமெரிக்க ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பக்கம் கவனம் இழுப்பதில் முந்தினார்கள். மெக்சிகோவில் பார்பரா ரோகோஃபும் உடன் ஆய்வாளர்களும் செய்த பணி இன்னும் ஒரு படி போகிறது: பூர்வகுடிப் பின்னணியுள்ள குடும்பங்களில் பிள்ளைகள் எவரும் சொல்லாமலே வீட்டு வேலையில் இறங்குகிறார்கள். சிறு வயதில் அவர்கள் குறுக்கே வந்து விழும்போது தாய்மார் விரட்டாமல் சேர்த்துக்கொண்டதையும், வேலை எல்லாருக்கும் பொது என்ற நிலையையும் அந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. சப்பாத்தி மாவைப் பிசைய வரும் மூன்று வயதுப் பையனை அடுப்படியை விட்டுத் துரத்திவிட்டு, ஏழு வயதில் அவனுக்கு நட்சத்திரம் காட்டி அழைக்கிறோம். அவனைத் துரத்திய அதே வயதில் அவன் அக்காவின் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருப்போம். பரிசுத் திட்டம் வைக்கும் வீடு முதலில் செய்ய வேண்டியது, ஒரு வாரம் யார் எதைச் செய்கிறார்கள் என்று எழுதிப் பார்ப்பதுதான். பட்டியலில் மூத்த பெண்ணின் பெயரே நிறைந்திருந்தால் அவளுக்குப் பரிசு கூட்ட வேண்டாம். வேலையைக் குறைக்க வேண்டும்.

வயது வேறானால் பங்கும் வேறாகுமே, சேர்த்து எண்ணுவது நியாயமா என்று கேட்கலாம். அமண்டா கோவலும் லாரி கிரேமரும் 1997இல் பதினொன்று முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளிடம் பேசியபோது, பெற்றோர் தங்களை வேறு மாதிரியும் உடன்பிறந்தவரை வேறு மாதிரியும் நடத்துவதைப் பிள்ளைகள் கண்டார்கள். ஆனால் ஏறக்குறைய முக்கால்வாசிச் சமயங்களில் அதை அநியாயம் என்று அவர்கள் கருதவில்லை. வயது, தேவை, குணம் என்று காரணம் புரிந்திருந்தது. உறவைக் கெடுத்தது காரணம் விளங்காத வேறுபாடு. ஆகவே ஐந்து வயதுக்காரன் கரண்டியை மட்டும் துடைப்பதும் பத்து வயதுக்காரி தட்டைக் கழுவுவதும் ஒரே கூடையில் விழலாம், ஏன் அப்படி என்று இருவர் முன்னிலையிலும் பேசியிருந்தால். ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்த வேலை கஷ்டமாக இருந்தது, எதை மாற்றிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளையே கேட்பது அட்டவணையை விடவும் பெரிய பங்கு ஆற்றும் என்று நினைக்கிறேன்.

பண்ணையிலும் கடையிலும் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பெற்றோருக்கு இவ்வளவு யோசிக்க நேரமேது என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நட்சத்திர அட்டவணை பரவியதே அது எளிது என்பதால்தான். ஆனால் ஒரே கூடை முறை அதைவிடவும் எளிது. கண்ணாடிப் போத்தல் ஒன்று, கைப்பிடி மொச்சைக் கொட்டை. இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய இரண்டு வேலையை முடிவு செய்து, முடிந்த நாளில் ஒரு கொட்டையைப் பிள்ளைகளே போட வேண்டும். முடியாத நாளில் எதுவும் எடுக்கக் கூடாது. போட்டதைத் திரும்ப எடுத்தால் யாரால் போயிற்று என்ற விசாரணை தொடங்கிவிடும். இருபது கொட்டை சேர்ந்தால் கிடைப்பதும் பிரிக்க முடியாததாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து வெள்ளி என்றால் மறுபடியும் பங்கு. குடும்பமாக ஒரு சனிக்கிழமை இரவு பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய் நின்று சுடச்சுட ஏதாவது சாப்பிட்டுவிட்டு வருவதைப் பிரிக்க முடியாது. போத்தல் மூன்று நான்கு தடவை நிறைந்த பிறகு நாளுக்கு ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்று என்று ஆக்கி, பிறகு போத்தலை அலமாரிக்குள் வைத்துவிடலாம். அதற்குப் பின்னும் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு ஒருவர் மற்றவரைக் கூப்பிடுகிறார்களா என்பதை அம்மாவும் அப்பாவும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அந்த வேலை அவர்களுக்கு இன்னும் பரிசின் வேலையாகவே இருக்கிறது. வேறொரு வேலையைத் தேர்ந்து, பெற்றோரில் ஒருவரும் ஒரு முனையைப் பிடித்துத் தொடங்க வேண்டியிருக்கும்.